டெசிடீரியத்துக்கு மஞ்சள் மாத்திரை

போன மாதம் ஒரு காலையில், திருக்கோகர்ணத்தில் என் வீட்டு அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பிரியா போன் செய்தாள். அரிமளம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் இடத்துக்கு வந்திருப்பவள் பிரியா. நல்ல பெண்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் போடுவாள். சிரிஞ்சு அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்பதைக்கூட நான்தான் இங்கிருந்து சொல்ல வேண்டும்.

"அக்கா, டெசிடீரியம்னு ஒரு நோய் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று நான்கு வருடம் இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல தேடிட்டேன்க்கா. லிஸ்ட்லயே இல்லை. ரெண்டு எழுத்து அடிச்சா டெங்குதான் வந்து நிக்கிது. இங்க ஒரு பெரியவரு உக்காந்துக்கிட்டு, எனக்கு டெசிடீரியம் வந்திருச்சு, அந்த மஞ்சள் மாத்திரையைக் குடுங்கன்னு ஒரே அடம்."

"யாரு அவரு?"

"மெயின் ரோட்டுல சாப்பாட்டுக்கடை வச்சிருக்காராம். பேரு சுப்பையாவாம்."

சுப்பையா! அவர் மனைவி பொன்னழகை நாங்கள் கண் எதிரே பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து கிடந்த நாட்கள் அப்படியே நினைவுக்கு வந்தன. வெங்காயத்தைத் தள்ளி வைத்தேன்.

"அவரை வெளியே அனுப்பிடாத. ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வை. அவரு மனசுல என்ன கேக்குதுன்னு கேளு. பதில் வந்ததும் என்னைக் கூப்பிடு."

"அப்ப நிஜமாவே நோயாக்கா?"

அன்று அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நம்பர் தேடுகிறார்கள். எங்கள் காலத்திலும் நம்பர் இருந்தது. அதற்குள் அடங்காத ஜனங்களும் இருந்தார்கள்.

நான் நர்ஸ் ஆன கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா சேர்த்துவிட்டார், படித்தேன், வெள்ளைச் சேலை கட்டினேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததில் பாதியை இரண்டே வருடத்தில் மறந்துவிட்டேன். மறக்காதது ஊசி போடுவது மட்டும்தான். என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர் யாரும் முகம் சுளித்ததில்லை. இது தற்பெருமை என்றால் தற்பெருமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தால் இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று ஊசி. மற்றொன்று, நோய்க்கு இங்கிலீஷில் ஒரு பேர். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே சேர்க்க மாட்டார்கள். பேர் சொல்லாத டாக்டரை இன்னும் மோசமாகப் பேசுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் உடம்பு முடியவில்லை என்று வீட்டில் படுத்தால், "என்னவாம் இவளுக்கு?" என்று கேள்வி வரும். "டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு" என்றால் அடுத்த நிமிடம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். "காஸ்ட்ரைட்டிஸாம்" என்றால் ஒரு நாள் படுத்திருக்கலாம். பேரில்லாத நோய்க்கு வீட்டில் மரியாதை கிடையாது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் டாக்டர் சாத்தப்பன் வந்து சேர்ந்தார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் சென்னையிலும் அமெரிக்காவிலும் கம்பெனி நடத்தினார்கள். இவர் மட்டும் அரசாங்க வேலைக்கு வந்து, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டில் ஓர் அறையைத் திறந்து தனியாக இருந்தார். அவர் நடத்தையே வேறு மாதிரி. நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். மூக்கு ஒழுகுகிற பிள்ளையைக் கூட "வாங்க, உக்காருங்க" என்பார். பிள்ளை பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அவர் குரலை உயர்த்திப் பேசி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு எத்தனை முறை துடைத்தார் என்பதை வைத்து நாங்கள் நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம்.

மதியம் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி படிப்பார். நாம் பேப்பர் படிக்கிற மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வரிசையாக. "இதுல என்ன சார் இருக்கு, கதையா, காரணமா?" என்று கேட்டேன். "எல்லாக் கதையும் இதுக்குள்ளதான் இருக்கு சிஸ்டர். வரிசைதான் மாறிக் கிடக்கு" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இவரிடம் இரண்டு பிடிவாதம். தேவையில்லாமல் ஊசி போடக் கூடாது. நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது. இரண்டும் சேர்ந்து எங்கள் ஓ.பி.யைக் காலி பண்ணிவிட்டன. "ஒண்ணும் இல்லைங்க, நல்லா சாப்பிடுங்க, நடங்க" என்பார். வந்தவர்கள் வாசலில் நின்று என்னைத் திட்டுவார்கள். டாக்டரைத் திட்ட முடியாதே! பிறகு நேராக ஆட்டோ ஏறி, டாக்டருக்கே படிக்காமல் எதற்கெடுத்தாலும் ஊசி குத்துகிற ஓர் ஆளிடம் போவார்கள். அது ஆபத்து என்று டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் கருப்பையா வந்தார். ஆட்டுத் தரகர். உடம்பு முழுக்க வலி, தூக்கம் இல்லை, பசி இல்லை. வாரம் தவறாமல் வருவார். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. கல்லு மாதிரி இருந்தார். டாக்டர் வழக்கம்போல "ஒண்ணும் இல்லைங்க" என்றதும் கருப்பையா கொதித்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லையா? அப்ப நான் என்ன பொய்யா சொல்றேன்? எம் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா. அதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வாரேன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சரிங்க. வலியை விடுங்க. ஒங்களுக்கு ரொம்ப நாளா வேணும்னு நெனச்சு, கெடைக்காமப் போனது ஏதாச்சும் இருக்குங்களா?"

கருப்பையா கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"திருவிழா பிளக்ஸுல எம் படம் வரலைங்க" என்றார் தழுதழுத்த குரலில். "பங்காளிக அத்தனை பேரு படமும் இருக்கு. மொளைச்சு மூணு எலை விடாத பயலுக படமெல்லாம் இருக்கு. மூணு வருசமா எம் படத்தை விட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. நாடித்துடிப்பைப் பார்த்தார். யோசித்தார். "ஒங்களுக்கு இருக்கிறது டெசிடீரியம்" என்றார்.

கருப்பையாவின் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்கவே முடியாது. "நான் சொன்னேன்ல!" என்று வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

டாக்டர் மனைவியையும் உள்ளே அழைத்து வைத்தியம் சொன்னார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மஞ்சள் மாத்திரை. மாத்திரை போட்டதும் நோயாளி தனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். "கேக்கிற ஆளு குறுக்க பேசினா மாத்திரை வேலை செய்யாதுங்க" என்று அவர் சொல்லவில்லை. அது பொய்யாகிவிடுமாம். "குறுக்க பேசினா கொணமாகாதுங்க" என்றார். அது நிஜமாம்.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "பொய்யே சொல்ல மாட்டேன்னீங்களே சார், இது என்ன புது நோய்?"

"பொய் இல்லை சிஸ்டர்." அகராதியைப் பிரித்துக் காட்டினார். கிடைக்காத ஒன்றை நினைத்து, தீராமல் ஏங்குகிற ஏக்கம் என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரர்களே மறந்துபோன வார்த்தையாம்.

"அதை ஏக்கம்னு தமிழ்லயே சொல்லிட்டுப் போகலாமே?"

"சின்னப் பிள்ளைக்கு ஏக்கக் காய்ச்சல்னா ஊரே தூக்கி வச்சுக் கொஞ்சுது. ஐம்பது வயசு ஆளுக்கு ஏக்கம்னு சொல்லிப் பாருங்க, வீட்ல சிரிப்பாங்க. டெசிடீரியம்னு சொன்னா பாலு காய்ச்சிக் குடுப்பாங்க."

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் அந்தச் சமயம் அகராதியில் 'டி' எழுத்தில் இருந்தார். இன்னும் நாலு மாதம் கழித்துக் கருப்பையா வந்திருந்தால் ஊருக்கு வேறு ஒரு நோய் வந்திருக்கும்.

மஞ்சள் மாத்திரை வேறொன்றுமில்லை, நாங்கள் சத்துக் குறைவுக்குக் கொடுக்கிற பி-காம்ப்ளெக்ஸ்தான். அதைப் போட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகும். "வெஷமெல்லாம் எறங்குது" என்று ஜனங்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். கருப்பையா வீட்டிலோ, ராத்திரி ராத்திரி பிளக்ஸ் புராணம் கேட்டுக் காது புளித்துப் போன மனைவி, மகனிடம் சொல்லி பஸ் ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைத்துவிட்டாள். கூலிங் கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்து, பின்னால் ஓர் ஆட்டோடு நின்றார் கருப்பையா. மறுநாளே வலி போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஓ.பி.யில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் டெசிடீரியம் வேண்டும். மாமியாருக்கு டெசிடீரியம் என்றால் மறுநாள் மருமகள் வந்துவிடுவாள். ஒருத்திக்குத் தங்கை வீட்டு வாஷிங் மெஷின் மாதிரி ஒன்று வேண்டும். ஒருவருக்கு மலேசியாவில் இருக்கிற மகன் போனில் பணத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு தடவை 'சாப்பிட்டீங்களாப்பா' என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இதைச் சொல்லி லீவே வாங்கிவிட்டார். தலைமை ஆசிரியருக்கு இது என்ன நோய் என்று கேட்க வெட்கம். "ஒடம்பைப் பாத்துக்கங்க சார், இப்ப ரொம்பப் பரவுது" என்று அனுப்பிவைத்தாராம். டாக்டர் யாருக்கும் இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டார். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில்தான் சுப்பையா தன் மனைவியைக் கூட்டி வந்தார்.

பொன்னழகை எல்லோருக்கும் தெரியும். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் அவர்கள் சாப்பாட்டுக்கடை. சுப்பையா கல்லாவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவார். சமைப்பது, இலை போடுவது, பரிமாறுவது, எச்சில் இலை எடுப்பது எல்லாம் பொன்னழகு. அவள் வைக்கிற மீன் குழம்புக்காக லாரியை வளைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நல்ல திடமான பொம்பளை. அன்று வந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"சோறே எறங்க மாட்டேங்குது சிஸ்டர்" என்றார் சுப்பையா. "வாய்கிட்ட கொண்டு போனா கொமட்டுதுங்குறா. டெசிடீரியமான்னு பாருங்க."

டாக்டர் பேரைச் சொல்ல அவசரப்படவில்லை. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குடலுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். எடை மட்டும் வாரா வாரம் இறங்கியது. கடைசியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டார். "ஒங்களுக்கு என்னம்மா வேணும்?"

"எனக்கு என்ன டாக்டர் வேணும்? ஒண்ணும் வேணாம்."

எத்தனை விதமாகக் கேட்டும் இதே பதில். நானும் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். அதட்டிக்கூடப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவோம். அடுத்த வாரம் இன்னும் சுருங்கி வருவாள். டாக்டர் மதியம் அகராதியைப் பிரிப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் தயிர்ச்சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுச் சொன்னார், "நான் பேரு வச்சு வெளையாடிட்டேனோன்னு பயமா இருக்கு சிஸ்டர். நெசமாவே ஏதோ பெரிய நோயை விட்டுட்டேனோ? இந்தம்மா போயிருவாங்களோ?" எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவரிடம் காட்டிக்கொள்ளாமல், "சாப்பிடுங்க சார், நீங்களும் படுத்துட்டா நான் யாரைப் பாக்கிறது?" என்று எரிந்து விழுந்தேன்.

இங்கே நாங்கள் இப்படித் தவித்துக்கொண்டிருக்க, அங்கிட்டு வேறொன்று நடந்துவிட்டது. ஒரே ஊரில் ஒரே பேரில் நிறைய நோயாளிகள் வந்தால் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கொரோனா ஓய்ந்த சமயம் வேறு. எங்கள் சுகாதார ஆய்வாளர் ஓ.பி. நோட்டைப் பார்த்து அரண்டுபோய், மேலே தெரிவித்துவிட்டார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே! மேலே இருந்தவருக்கும் அதே கௌரவம், அதற்கு மேலே இருந்தவருக்கும் அதே கௌரவம். அர்த்தம் கேட்காமலேயே வார்த்தை படியேறிப் போய், ஒரு நாள் காலையில் இரண்டு ஜீப்பாகத் திரும்பி வந்தது.

புகை அடிக்கிற மிஷின் வந்தது. மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஏறிச் சாம்பிள் எடுத்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, "பொதுமக்கள் டெசிடீரியம் நோயிலிருந்து தங்களைத் தற்காத்துக்கொள்ள, தண்ணீரை நன்கு காய்ச்சிக் குடிக்கவும்" என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போனார்கள். குழுவுக்குத் தலைவராக வந்த பெரிய டாக்டர் நல்ல உயரம், கனத்த குரல்.

"எதனால பரவுது மிஸ்டர் சாத்தப்பன்?"

"பக்கத்து வீட்டைப் பாத்துத்தான் சார் பரவுது."

"ஐ ஸீ. அப்ப வீடு வீடா ஆள் அனுப்பணும். சீரியஸ் கேஸ் எது?"

எங்கள் டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. விளக்கம் சொல்லவோ பெரிய டாக்டர் இடம் கொடுக்கவில்லை. "பொன்னழகு" என்று மட்டும் சொன்னார் எங்கள் டாக்டர். எல்லோரும் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். புகை மிஷின்காரர் ஆர்வக்கோளாறில் கடைக்குள்ளும் அடித்துவிட, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். புகை அடங்கியபோது பொன்னழகு கையில் கரண்டியோடு அடுப்பின் பக்கத்தில் நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

பெரிய டாக்டர் வரிசையாகக் கேள்வி கேட்டார். காய்ச்சல் உண்டா? இல்லை. இருமல்? இல்லை. குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது? குழாய். அப்புறம் அந்தக் கொரோனாக் காலத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"கடைசி பதினஞ்சு நாள்ல வெளியூர் எங்கயும் போனீங்களாம்மா?"

பொன்னழகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கயும் போகலைய்யா" என்றாள். "பதினஞ்சு நாளா? கல்யாணமாகி இந்தக் கடைக்குள்ள வந்ததுல இருந்து எங்கயும் போகலை!"

"ஏய், அதிகாரிகிட்ட என்ன பேச்சு?" என்றார் சுப்பையா. எங்கள் டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் யாரையும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"பஸ்ஸு என் வாசல்லதான் நிக்கிது. பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லைன்னு ஆனதுல இருந்து ஊருல இருக்கிற அம்புட்டுப் பேரும் ஏறிப் போறாளுக. நான் கரண்டியோட நின்னு பாக்குறேன். விராலிமலையில ஒரு ஓட்டலு இருக்காம். லாரிக்காரங்க அந்த ரசத்தைப் பத்தியே பேசுறாங்க. நான் தனியா பஸ்ஸுல ஏறி, ஜன்னலோரமா உக்காந்து, அங்கிட்டுப் போகணும். ஒருத்தர் வந்து எனக்கு எலை போட்டு, ஒனக்கு என்ன வேணும்னு கேக்கணும். நான் ஆக்காத சோத்தை நான் திங்கணும். ஏஞ் சமையல் வாடையே எனக்குக் கொமட்டுதுய்யா!"

கரண்டி கீழே விழுந்தது. அவள் அப்படியே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. புகையில் கலங்கியதாகக் காட்டிக்கொண்டேன்.

சுப்பையா ஆடிப்போய் நின்றார். ஆனாலும் வியாபாரி அல்லவா! "கோயில்ல அன்னதானம் வேணா சாப்பிடட்டுங்க, கூட்டிட்டுப் போறேன். இன்னொரு கடையில எப்படிங்க? கடைக்காரன் பொண்டாட்டியே இன்னொருத்தன் கடையில போயி திங்கிறாடான்னு ஊரு பேசாதா? அப்புறம் என் கடையில எவன் எலை போட்டு உக்காருவான்?" அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

பெரிய டாக்டருக்கு அப்போதுதான் நோய் என்னவென்று புரிந்திருக்க வேண்டும். எங்கள் டாக்டரை ஒரு முறை முறைத்தார். பொன்னழகின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரோட்டில் இலையோடு நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அந்தக் கனத்த குரலில் சொன்னார்.

"இங்க வசதி பத்தாது. மேல்சிகிச்சைக்கு விராலிமலைக்கு ரெஃபர் பண்றேன். நர்ஸ் கூடப் போகட்டும்."

"மாசா மாசம் ரிவ்யூவுக்கும் போகணும் சார்" என்றார் எங்கள் டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சுப்பையாவின் முகம் தெளிந்தது. மேல்சிகிச்சை என்றால் யார் என்ன பேச முடியும்?

மறுநாள் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தனியாகப் போக வேண்டும் என்றாளே என்று நான் பின் இருக்கைக்குப் போய்விட்டேன். புதுக்கோட்டையில் பஸ் மாறி, விராலிமலை போய்ச் சேரும் வரை ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே கொஞ்சம் கோபம்தான். ஓட்டலிலும் வேறு மேஜையில் உட்கார்ந்தேன். வயதான சர்வர் ஒருவர் இலையைப் போட்டு, "என்னம்மா வேணும், சாப்பாடா, டிபனா?" என்றார். அவள் அவர் முகத்தையே நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவசரப்படுத்தாமல் நின்றார். "சாப்பாடு" என்றாள், பிள்ளை மாதிரி.

சாப்பிட்டாள். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு இரண்டு முறை, மோருக்கு ஒரு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் இலையைக் கவனிக்காமல் அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் இலையை மடித்து, பழக்க தோஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சர்வர் ஓடி வந்தார். "விடுங்கம்மா, நான் எடுக்கிறேன்."

அவள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆள் இலையை எடுத்து, மேஜையைத் துடைத்துவிட்டுப் போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன், "எப்படி இருந்துச்சு?"

"ரசத்துல மொளகு கம்மி சிஸ்டர்" என்றாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே. அந்த நிமிடமே அவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று கடையில் சுப்பையாவே சமைத்தாராம். அவர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்ட லாரி டிரைவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஓ.பி.க்கே வந்துவிட்டார்.

பெரிய டாக்டர் போகும்போது, இனிமேல் ஓ.பி. நோட்டில் அந்த வார்த்தையை எழுதவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதோடு டெசிடீரியம் ஊரை விட்டு ஒழிந்தது. புகை அடித்ததால்தான் ஒழிந்தது என்று ஆய்வாளர் இன்றும் நம்புகிறார். அடுத்த வருடம் டாக்டர் சாத்தப்பன் மாறுதலில் போனார். அதற்கு அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். பொன்னழகு மட்டும் மாதம் தவறாமல் ரிவ்யூவுக்குப் போய் வருகிறாள் என்று கேள்விப்படுவேன்.

பிரியா திரும்பக் கூப்பிட்டபோது நான் குழம்பையே இறக்கி வைத்துவிட்டேன்.

"வாயைத் தொறக்கவே மாட்டேன்னாருக்கா. டீ குடிச்சதுக்கு அப்புறந்தான் சொன்னாரு. அவங்க வீட்டம்மா மாசா மாசம் விராலிமலைக்குப் போறாங்களாம். அன்னைக்கெல்லாம் இவருதான் கடையில சமைக்கிறாராம். இப்ப நல்லா வருதாம். ரசம் பிரமாதமா வைக்கிறாராம், கடைக்கு வர்றவங்களே கேட்டு வாங்குறாங்களாம். ஆனா அந்தம்மா வயிறு முட்டச் சாப்பிட்டுத்தான் திரும்பி வர்றாங்க. மத்த நாள்ல இவரை அடுப்புப் பக்கமே விடுறதில்லை."

"சரி, அவருக்கு என்னதான் வேணுமாம்?"

"ஒரே ஒரு நாளு அவ இங்க உக்காரணும், நான் எலை போடணும்னு சொல்லிட்டு, கண்ணைத் தொடச்சுக்கிறாருக்கா. நான் என்ன பண்ண?"

"மஞ்சள் மாத்திரை குடு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். பொன்னழகைப் பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்லு. குறுக்க பேசக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லு."

"கம்ப்யூட்டர்ல என்னன்னு போடுறது?"

"சத்துக் குறைவுன்னு போடு."

அடுத்த வாரம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டில் மாறி, மதிய நேரத்துக்கு அந்தக் கடை வாசலில் இறங்கினேன். கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவில் ஆள் இல்லை. உள்ளே பெஞ்சில், கையைக் கழுவிவிட்டு, விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு பொன்னழகு உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். எதிரே சுப்பையா, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு நின்றார்.

"ஒனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ரசம்."

ஊற்றினார். அவள் உறிஞ்சிப் பார்த்தாள். அவர் மூச்சு விடவில்லை. நானும்தான்.

"உப்பு கம்மி" என்றாள். அவர் முகம் விழுந்துபோவதற்குள், "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்து, எடுக்கப் போனாள்.

"விடு" என்றார் சுப்பையா. "நான் எடுக்கிறேன்."